கடைக்கு ஏற்ற வண்டி: சின்ன வண்டியின் கணக்கு



அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி வரை சி.டி.எச். சாலையில் காலை ஏழு மணிக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். கோயம்பேட்டுக் காய்கறியும் செங்குன்றத்து அரிசியும் பால் பெட்டியும் முட்டை அட்டையும் ஏற்றிக்கொண்டு வருகிற இருசக்கர வண்டிகளில் பத்துக்கு ஆறேழு வண்டி ஒரே ஜாதியாக இருக்கும். பெயர்ப்பலகையில் எக்ஸ்.எல். என்று இருந்தாலும் நம்மவர்கள் வாயில் அது இன்றைக்கும் 'டி.வி.எஸ். பிப்டி'தான். பூந்தமல்லியிலும் இதே கதை. கடன் கொடுப்பவர்கள் கடை வாசலுக்கே வந்து பெரிய பைக்குக்குக் கையெழுத்து வாங்கக் காத்திருக்கும் இந்தக் காலத்திலும் மளிகைக்காரர் ஏன் இந்தச் சின்ன வண்டியை விடவில்லை என்பதையும், அதை வைத்திருப்பவர் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

முதலில் கொஞ்சம் பழைய கதை. நம் பகுதிக்கு வண்டி புதிதல்ல. 1949ல் டி.ஐ. சைக்கிள் கம்பெனி அம்பத்தூரில்தான் தொடங்கியது. ஹெர்குலிஸ் சைக்கிளின் பின் கேரியரில் மூட்டையைக் கட்டி, ஏறி மிதிக்காமல் தள்ளிக்கொண்டே வீடு வீடாகச் சரக்குப் போட்ட அண்ணாச்சிமார்களை என் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். அந்தக் காலத்தில் ஸ்கூட்டர் வேண்டும் என்றால் பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1972ல் புனேயில் கைனடிக் கம்பெனி லூனாவைக் கொண்டுவந்தது. 1980ல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. அதைச் செய்தது நமக்கு அடுத்த ஊரான பாடியில் பிரேக் சாமான் செய்துகொண்டிருந்த சுந்தரம் கிளேட்டன் கம்பெனியின் மொபெட் பிரிவு. இந்தியாவில் இரண்டு பேர் உட்கார்ந்து போகிற முதல் மொபெட் அதுதான்.

இரண்டு பேர் போகலாம் என்றதும் வியாபாரிக்கு வேறு ஒன்று தோன்றியது. இரண்டாவது ஆள் உட்காரும் இடத்தில் ஒரு மூட்டை உட்காரும் அல்லவா?

அதற்குப் பிறகு எத்தனையோ வண்டிகள் வந்தன. புல்லட் செய்த திருவொற்றியூர் என்ஃபீல்டு கம்பெனிகூட 1980களில் சில்வர் பிளஸ், எக்ஸ்புளோரர் என்று 50 சி.சி. வண்டிகளைச் செய்தது. பஜாஜ் எம்.80 கிராமத்துப் பால்காரர்களிடம் நல்ல பெயர் வாங்கியது. எல்லாம் போய்விட்டன. பெட்ரோலில் ஓடும் மொபெட் என்று இன்று இந்தியாவில் விற்பது எக்ஸ்.எல். ஒன்றுதான். அது அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கு மேல் விற்கிறது. புகைக் கட்டுப்பாடு இறுகியபோது, 2015ல் பழைய டூ ஸ்ட்ரோக் எஞ்சினோடு ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100ம் வந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்ததும் அதற்கு ஃப்யூயல் இன்ஜெக்ஷன் சேர்ந்தது. ஆனால் உருவம் மாறவில்லை. முன்னால் தட்டையான இடம், பின்னால் கழற்றக்கூடிய சீட், கீழே பலமான இரும்புச் சட்டம்.

ஜப்பானிலும் இதே பாடம்தான். ஹோண்டா கம்பெனி 1958ல் சூப்பர் கப் என்ற 50 சி.சி. வண்டியைச் செய்தபோது, சாப்பாட்டுக் கடைப் பையன் ஒரு கையில் தட்டைத் தூக்கிக்கொண்டு மறு கையால் ஓட்ட முடிய வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட நிபந்தனை. அதனால் கையால் பிடிக்கும் கிளட்ச் இல்லாமல் செய்தார்கள். 2017ல் அந்த வரிசை வண்டிகள் பத்துக் கோடியைத் தாண்டின. உலகத்தில் எந்த மோட்டார் வண்டியும் அவ்வளவு விற்றதில்லை. அதுவும் கடைக்காரனை மனதில் வைத்துச் செய்த வண்டி.

சரி, நம் கணக்குக்கு வருவோம்.

'மைலேஜுக்காக எக்ஸ்.எல். வாங்குகிறோம்' என்று நம்மவர்கள் சொல்வது பாதி உண்மைதான். ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டர், மாதம் 25 நாள், ஆக 750 கிலோமீட்டர் என்று வையுங்கள். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். சரக்கோடு எக்ஸ்.எல். 50 கொடுத்தால் மாதச் செலவு 1,500 ரூபாய். 100 சி.சி. கியர் பைக் 60 கொடுத்தால் 1,250 ரூபாய். 150 சி.சி. பைக் 45 கொடுத்தால் ஏறக்குறைய 1,670 ரூபாய். ஆக, கியர் உள்ள 100 சி.சி. பைக்கைவிட நம் சின்ன வண்டி பெட்ரோல் கூடத்தான் குடிக்கிறது. ஒரே கியரில் பாடி மேம்பாலம் ஏறுகிற வண்டி வேறு என்ன செய்யும்! பெட்ரோல் வித்தியாசம் எந்தப் பக்கம் பார்த்தாலும் மாதம் இருநூறு முந்நூறுக்குள் முடிந்துவிடுகிறது.

லாபம் வேறு இடத்தில் இருக்கிறது. எக்ஸ்.எல். 50,000 ரூபாயை ஒட்டிக் கிடைக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரை உள்ள இருசக்கர வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததும் இதற்கு உதவியது. 150 சி.சி. பைக் சாலைக்கு வரும்போது ஒன்றரை லட்சத்தைத் தொடும். வித்தியாசம் ஒரு லட்சம் என்று வையுங்கள். அந்த ஒரு லட்சத்தைக் கடனாக வாங்கினால், குறையும் பாக்கிக்கு 12 சதவீத வட்டியில் மூன்று வருடத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 3,320 ரூபாய். கைப்பணமாக இருந்தால் கணக்கு வேறு. ஒரு லட்சத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் என்று ஓடுகிற சரக்கைப் போடுகிறீர்கள். ஒரு சுற்றுக்கு எல்லாச் செலவும் போக நூற்றுக்கு 2 ரூபாய் நின்றால் 2,000. மாதம் இரண்டு சுற்று சுற்றினால் 4,000. (இரண்டையும் கூட்டிவிடாதீர்கள். கடன் என்றால் முதல் கணக்கு, கைப்பணம் என்றால் இரண்டாவது கணக்கு.) அந்தச் சரக்கைக் கடனுக்கு விட்டுப் பாக்கி நோட்டில் எழுதி வைப்பவருக்கு இந்தக் கணக்கு செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மொத்த வியாபாரி என்ற முறையில் இன்னொன்று. ரொக்கம் கொடுத்துச் சரக்கெடுப்பவருக்கு மூட்டைக்கு ஐந்தோ பத்தோ குறைத்துப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தவணை கட்டுவதால் ரொக்கம் இல்லை என்று வருபவருக்கு அந்தச் சலுகை போய்விடும். இதைச் சொல்வதால் எனக்குத்தான் நஷ்டம், இருந்தாலும் சொல்கிறேன்.

திருமுல்லைவாயிலில் எங்கள் வாடிக்கைக்காரர் ஒருவரின் மகன், படித்த பிள்ளை, அப்பாவின் பழைய எக்ஸ்.எல். சூப்பரை ஓரம் கட்டிவிட்டுப் பெரிய பைக் எடுத்தான். அழகான வண்டி. ஆனால் பெட்ரோல் டாங்க் இருக்கும் இடத்தில் எண்ணெய் டின் வைக்க முடியாது. பின் சீட்டில் சிப்பத்தைக் கட்டினால் சீட் கிழிகிறது. 140 கிலோ வண்டியைச் சரக்கோடு சந்துக்குள் திருப்ப இரண்டு ஆள் வேண்டியிருந்தது. எக்ஸ்.எல். 90 கிலோவுக்கும் குறைவு. ஒருவரே பின்பக்கத்தைத் தூக்கி நகர்த்தி வைக்கலாம். இரண்டு மாதத்தில் பைக் மாலை நேர வண்டி ஆயிற்று, எக்ஸ்.எல். மறுபடி காலை நேர வண்டி ஆயிற்று. ஆக அந்த வீட்டில் இப்போது இரண்டு இன்சூரன்ஸ்.

இனி, சின்ன வண்டிதானே என்று நாம் அலட்சியமாக விடுகிற விஷயங்கள்.

பாரத்திலிருந்து தொடங்குகிறேன். கம்பெனி சொல்லும் அளவு, ஓட்டுபவரையும் சேர்த்து 130 கிலோ. ஓட்டுபவர் 65 கிலோ என்றால் சரக்குக்கு மிச்சம் 65 கிலோதான். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு 5 சதவீத வரி வந்த பிறகு 26 கிலோ சிப்பம் பழக்கமாகிவிட்டது அல்லவா? அந்தச் சிப்பம் இரண்டு போட்டால் 52 கிலோ. மேலே ஒரு பை சில்லறைச் சாமான், அவ்வளவுதான். அல்லது 50 கிலோ சர்க்கரை மூட்டை ஒன்று. நாம் ஏற்றுவது என்ன? முன்னால் ஒரு மூட்டை, பின்னால் ஒரு மூட்டை, ஹேண்டில்பாரின் இரு பக்கமும் இரண்டு பை, சில சமயம் மேலே ஒரு பையனும். வண்டி இழுக்கும், மறுப்பில்லை. இழுப்பது வேறு, நிற்பது வேறு. எக்ஸ்.எல்.லுக்கு இருப்பது டிரம் பிரேக். பாரம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரமும் நீளும். மழைக்காலத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் போகும்போதுதான் அது தெரியும். பாரத்தைப் பின் கேரியரில் உயரமாக அடுக்குவதைவிட, முன்தட்டில் தாழ்வாக வைப்பது நல்லது. ஹேண்டில் முழுவதும் திரும்புகிறதா என்று ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அதிகப் பாரம் கிளட்ச்சையும் தின்னும். இது தானாகப் பிடிக்கும் கிளட்ச். ஆக்சிலேட்டரை முறுக்கும்போது உள்ளே கட்டைகள் விரிந்து டிரம்மைப் பிடிக்கின்றன. பாரத்தோடு மெதுவாக ஊர்ந்தால் கட்டை வழுக்கித் தேயும். நெரிசலில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே முறுக்குகிற பழக்கத்தை விட வேண்டும்.

அடுத்தது ஆள். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். 50 சி.சி.க்கு மேற்படாத வண்டியை 16 வயது நிரம்பியவர் உரிமம் பெற்று ஓட்டலாம் என்று மோட்டார் வாகனச் சட்டம் 4வது பிரிவு சொல்கிறது. டி.வி.எஸ். 50 காலத்தில் கடைப் பையனிடம் சாவியைக் கொடுத்தது அந்தப் பழக்கத்தில்தான். இன்றைய எக்ஸ்.எல். 100 சி.சி. வண்டி. 18 வயது முடிந்திருக்க வேண்டும். 'கியர் இல்லை, மொபெட்தானே' என்பது செல்லாது. கியர் இல்லாத வண்டிக்கான உரிமம் போதும் என்பது மட்டும்தான் சலுகை. 2019ல் திருத்திய சட்டப்படி, வயது வராத பையன் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ வண்டியின் சொந்தக்காரரோ பொறுப்பு: மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், 12 மாதத்துக்கு வண்டிப் பதிவு ரத்து. அந்தப் பையனுக்கு 25 வயது வரை உரிமமும் கிடையாது. பக்கத்துத் தெருவுக்கு ஒரு தேங்காய் எண்ணெய்ப் பாக்கெட் கொடுத்தனுப்புவதற்காக நம் வீட்டுப் பிள்ளையின், அல்லது நம்மை நம்பி ஊரிலிருந்து வந்த பிள்ளையின், எதிர்காலத்தைப் பணயம் வைக்கலாமா? 18 ஆகும் வரை அவனுக்குச் சைக்கிள் போதும்.

மூன்றாவது இன்சூரன்ஸ். 2022 ஜூனில் அறிவித்த கட்டணப்படி மூன்றாம் நபர் காப்பீடு 75 சி.சி. வரை 538 ரூபாய், அதற்கு மேல் 150 வரை 714 ரூபாய். பழைய எக்ஸ்.எல். சூப்பர் 70 சி.சி.க்குள் இருந்ததால் முதல் படியில் வந்தது. எக்ஸ்.எல். 100 இரண்டாம் படி. புது வண்டிக்கு 2018 செப்டம்பர் முதல் ஐந்து வருடத்துக்கும் சேர்த்தே வாங்கிவிடுகிறார்கள். அந்த ஐந்து வருடம் முடிவதைத்தான் நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். பாலிசியை எடுத்து, 'உபயோகத்துக்கான வரம்பு' என்ற பகுதியைப் படியுங்கள். சொந்த உபயோக இருசக்கர வண்டிப் பாலிசிகளில் வாடகைக்கு விடுவதும், மாதிரிச் சரக்கு, சொந்த லக்கேஜ் தவிர வேறு சரக்கு ஏற்றுவதும் வரம்புக்கு வெளியே என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். விபத்துக்குப் பிறகு அந்த வரியைப் படிப்பதைவிட இன்றைக்கே உங்கள் ஏஜெண்டிடம் பாலிசியைக் காட்டி, 'நான் கடைச் சரக்கு ஏற்றுகிறேன், இதற்கு என்ன வழி' என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

ஹெல்மெட் பற்றி ஒன்றும் எழுதப் போவதில்லை. அபராதம் 1,000 ரூபாய் என்பது எல்லோருக்கும் தெரியும். சிப்பத்தின் மேல் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போகிறவர்களுக்கும் தெரியும்.

பராமரிப்பில் ஒரே ஒரு விஷயம். பழைய வண்டியில் பெட்ரோலோடு 2டி ஆயிலைக் கலந்து ஊற்றிய கை, புது வண்டியிலும் அப்படியே ஊற்றப் பார்க்கிறது. கூடாது. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஆயில் தனியாகக் கீழே இருக்கிறது. புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டருக்கு ஒரு தடவை அதை மாற்ற வேண்டும். ஆயில் பார்க்காமலே ஓட்டி எஞ்சினைப் பிடிக்க வைத்துவிட்டு, 'பழைய வண்டி மாதிரி இல்லை' என்று குறை சொல்பவர்களை மெக்கானிக் கடைகளில் பார்க்கிறேன். வாரம் ஒருமுறை காற்று, மாதம் ஒருமுறை செயின் பார்த்துவிடுங்கள்.

இப்போது மின்சார வண்டியும் இந்தப் போட்டிக்கு வந்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் பழைய லூனா இ-லூனா என்ற பெயரில் பாட்டரியோடு திரும்பி வந்தது. 150 கிலோ பாரம், ஒரு சார்ஜுக்கு 110 கிலோமீட்டர் என்று கம்பெனி சொன்னது. பாரத்தோடு, நம் சாலையில் அதைவிடக் குறையும் என்று எடுத்துக்கொண்டாலும், நாளுக்கு 30 கிலோமீட்டர் ஓட்டும் கடைக்காரருக்குப் போதுமானது. விலை எக்ஸ்.எல்.லைவிடக் கூடுதல். மேலே சொன்ன கணக்கில் மாதம் 1,500 ரூபாய் பெட்ரோல் போகிற இடத்தில் மின்சாரச் செலவையும், சில வருடம் கழித்துப் பாட்டரி மாற்றும் செலவையும் போட்டுப் பாருங்கள். பாட்டரி உத்தரவாதம் எத்தனை வருடம், எத்தனை கிலோமீட்டர் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். சர்வீஸ் செய்யும் இடம் அம்பத்தூரிலா ஆவடியிலா, இல்லை நகரத்துக்குள் போக வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய டெலிவரி முழுவதும் நிற்கும்.