கத்திரி வெயில்: இதய நோயாளிகள் இந்த வாரமே செய்ய வேண்டியவை

மே மாத ஆலோசனை

யாருக்காக: மாரடைப்பு வந்து மீண்டவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பைபாஸ் செய்துகொண்டவர்கள், இதயம் பலவீனமாக இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள், ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் உள்ளவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள், இவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள்.

கத்திரி மே 4-இல் தொடங்கி 28 வரை நீளும். "நிறையத் தண்ணீர் குடியுங்கள், மோர் குடியுங்கள்" என்று பார்ப்பவர்கள் எல்லாம் சொல்வார்கள். பொதுவாக நல்ல யோசனைதான். ஆனால் இதயம் பலவீனமானவர்களுக்கு அது அப்படியே பொருந்தாது. அவர்களுக்குத் தண்ணீர் குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. நீங்கள் இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அளவு, பனிக்காலத்தில் எழுதிக் கொடுத்ததாக இருக்கலாம். வெயிலுக்கு ஏற்ப அதை மாற்ற வேண்டுமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வெயில் உச்சத்துக்குப் போகும் முன் ஒருமுறை அவரைப் பார்த்துவிடுங்கள்.

இதயத்துக்கு என்ன ஆகிறது?

உடல் சூட்டைத் தணிக்கத் தோலுக்கு அதிக ரத்தம் போக வேண்டும். அதற்காக இதயம் வேகமாகத் துடிக்கிறது. வியர்வையில் நீரும் உப்பும் வெளியேறுவதால் ரத்தம் கெட்டிப்பட்டு, உறையும் வாய்ப்பு கூடுகிறது. சென்னை, கடலூர், தூத்துக்குடி போன்ற கரையோர ஊர்களில் காற்றில் ஈரம் மிகுதி என்பதால் வியர்வை வழிகிறதே தவிர, சீக்கிரம் உலர்வதில்லை; சூடும் தணிவதில்லை. இரவும் புழுங்கினால் இதயத்துக்கு ஓய்வே கிடைக்காது.

இதோடு காற்று மாசும் சேர்கிறது. வாகனப் புகையிலும் குப்பை எரிப்பதிலும் கிளம்பும் பிஎம் 2.5 நுண்துகள், தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்குதான். அது நுரையீரலின் அடிவரை போய், ரத்தக்குழாய்களில் அழற்சியைத் தூண்டுகிறது. வாகனப் புகையில் உள்ள வாயுக்கள் கடும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனாகவும் மாறுகின்றன. நண்பகலிலிருந்து மாலை வரை அது அதிகம். வெப்பமும் மாசும் ஒரே நாளில் உச்சத்தில் இருந்தால் மாரடைப்பு ஆபத்து இன்னும் கூடும்.

புவி வெப்பமாவதால் இத்தகைய நாட்கள் பெருகுகின்றன. 1901 முதல் உள்ள பதிவுகளில் இந்தியாவின் மிக வெப்பமான ஆண்டு 2024. தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததும் அந்த ஆண்டில்தான்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

1. நீர் மாத்திரையின் அளவு இதேபோல் தொடரலாமா?
2. எழுந்து நிற்கும்போது தலை சுற்றுகிறது என்றால், ரத்தக்கொதிப்பு மாத்திரையைக் குறைக்க வேண்டுமா?
3. தண்ணீர், மோர், கஞ்சி, காபி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்?
4. இளநீர் குடிக்கலாமா? அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும், பொட்டாசியத்தைக் கூட்டும் சில மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கும் அது கெடுதலாகலாம்.

எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' பணியாளர் வீட்டுக்கு வந்தால், தலைசுற்றலையும் அவரிடம் சொல்லுங்கள்.

வீட்டில்

• தினமும் காலையில், சிறுநீர் கழித்த பின், எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினாலும் இறங்கினாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.
• காலை 11 முதல் மாலை 4 வரை வெளியே போவதைத் தவிருங்கள். சமையலை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.
• அறைக்குள் 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி அனல் காற்றைத்தான் வீசும். ஈரத் துணியால் உடம்பைத் துடையுங்கள். குளிர்ந்த இடத்துக்கு மாறுங்கள்.
• ஊறுகாய், அப்பளம், வடகத்தைக் குறையுங்கள். வியர்வையில் உப்பு போகிறதே என்று நீங்களாக உப்பைக் கூட்ட வேண்டாம்.
• நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையையும் இன்சுலினையும் வண்டியின் பெட்டியில் விட்டுவிடாதீர்கள். சூட்டில் வீரியம் போய்விடும்.
• கதவைச் சாத்திக்கொண்டு கொசுவத்தி ஏற்றாதீர்கள், கொசுவலை போதும்.

வெளியே

• நடைப்பயிற்சியைக் காலை 7 மணிக்குள் முடியுங்கள். பெரிய சாலையை விட்டு உள்தெருவிலோ பூங்காவிலோ நடங்கள்.
• மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' செயலியில் உங்கள் ஊரின் காற்றுத் தரக் குறியீட்டைப் பாருங்கள். 100-ஐத் தாண்டினால் வேகநடை வேண்டாம். 200-ஐத் தாண்டினால் வீட்டுக்குள்ளேயே இருங்கள்.
• என்95 முகக்கவசம் நுண்துகளைத் தடுக்கும், ஓசோனைத் தடுக்காது. அதனால் கவசம் இருக்கிறதே என்று மதிய வெயிலில் கிளம்பாதீர்கள்.
• தெருவில் குப்பை எரிந்தால் ஜன்னலைச் சாத்துங்கள். உள்ளாட்சி அலுவலகத்தில் புகார் செய்யுங்கள்.

உடனே 108-ஐ அழைக்க வேண்டிய அறிகுறிகள்

நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, மூச்சுத் திணறல், குளிர்ந்த வியர்வை. சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் அசதியும் வியர்வையும் மட்டும் வரலாம். "வாயுப் பிடிப்பாக இருக்கும், ஒரு சோடா குடித்துப் பார்க்கலாம்" என்றோ, "வெயில் மயக்கம்தானே" என்றோ காத்திருக்க வேண்டாம். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறினால் அது வெப்பத் தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பை நனைத்து விசிறுங்கள். நினைவு தப்பியவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

தனியாக இருக்கும் பெரியவர்களிடம் கத்திரி முடியும் வரை மதியமும் இரவும் போனில் பேசுங்கள். பேச்சில் தடுமாற்றம் தெரிந்தால் பக்கத்து வீட்டாரை உடனே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.