மாலையில் ஒரு கால் மணி நேரம்: பள்ளிச் சுகாதார விதிகளும் பெற்றோர் கடமையும்

ரப்பர்த் தோட்டங்களில் பணிபுரியும் குடும்பங்களில் பொழுது புலருமுன்பே நாள் தொடங்கிவிடுகிறது. தாயும் தந்தையும் பெரட்டுக்குப் புறப்படும் வேளையில் பிள்ளைகள் உறக்கத்தில் இருப்பார்கள். மரம் வெட்டி, பால் எடுத்து, நிறுவைக்குக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் வீடு திரும்பும்பொழுது பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். பிள்ளையை எழுப்பிச் சீருடை அணிவித்து அனுப்புபவர் பாட்டியாகவோ, மூத்த பிள்ளையாகவோ, அண்டை வீட்டாராகவோ இருக்கக்கூடும்.

பள்ளிச் சுகாதாரப் பகுதியினர் பெற்றோரிடம் எதிர்பார்க்கும் கடமைகளுள் பல, காலை வேளையில் செய்யவேண்டியவை. பிள்ளைக்குக் காய்ச்சல் உண்டா எனத் தொட்டுப் பார்த்தல், பசியாற உணவு கொடுத்தல், பள்ளியிலிருந்து வந்த கடிதத்தில் கையொப்பமிட்டு அனுப்புதல் ஆகியவை அவற்றுள் சில. பால்வெட்டுக்குச் செல்லும் நமக்கு அந்த நேரம் வாய்ப்பதில்லை. ஆகவே, இக்கடமைகளை முதல் நாள் மாலைக்கு மாற்றிக்கொள்வதே தோட்டத்து இல்லங்களுக்கு ஏற்ற வழியாகும். விளக்கு வைத்தபின் ஒரு கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். அந்தக் கால் மணி நேரத்தில் செய்யவேண்டியவை யாவை, அவற்றுக்குரிய காரணங்கள் யாவை என்பதை இங்கே காண்போம்.

பள்ளிக்கு வரும் சுகாதாரக் குழு

நம் நாட்டில் பள்ளிச் சுகாதாரத் திட்டம் 1967-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. கோத்தா திங்கி மாவட்டத்தில், நகரிலுள்ள ஜாலான் தாஜுல் தமிழ்ப்பள்ளி முதல் பாசாக், ரெம், தெலுக் செங்காட் ஆகிய தோட்டங்களின் பெயர் தாங்கிய பள்ளிகள் வரை, தமிழ்ப் பிள்ளைகள் பயிலும் பள்ளிகள் யாவும் இத்திட்டத்திற்கு உட்பட்டவையே. அரசாங்கச் சுகாதார நிலையத்தைச் சேர்ந்த தாதியர் குறித்த நாளில் பள்ளிக்கு வந்து பிள்ளைகளின் உயரம், எடை, கண் பார்வை, காது, தோல், தலைமுடி ஆகியவற்றைச் சோதிக்கின்றனர். பல் மருத்துவக் குழு தனியே வருகிறது. தொடக்கப்பள்ளியில் முதலாம் ஆண்டிலும் ஆறாம் ஆண்டிலும் நடைபெறும் சோதனைகள் முக்கியமானவை.

ஆனால், ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் தாதி ஒரு பிள்ளையைப் பார்ப்பது சில நிமிடங்களே. ஆசிரியர் பார்ப்பது பள்ளி நேரத்தில் மட்டுமே. மற்றப் பொழுதெல்லாம் பிள்ளை நம் பொறுப்பில் இருக்கிறது. பார்வைக் குறைவு உண்டு என்று தாதி கடிதம் கொடுத்தனுப்பினால், பிள்ளையைக் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டியவர் பெற்றோரே. அக்கடிதம் புத்தகப் பையின் அடியிலேயே கிடந்துவிட்டால், கரும்பலகை தெரியாத பிள்ளை படிப்பில் மந்தமானது என்ற பெயரைச் சுமக்க நேரிடும்.

கையொப்பமும் தடுப்பூசியும்

ஏழு வயதில், அதாவது முதலாம் ஆண்டில், பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே தடுப்பூசி போடப்படுகிறது. தொண்டை அடைப்பான் எனப்படும் டிப்தீரியாவையும் இரணஜன்னியையும் தடுப்பது ஓர் ஊசி. தட்டம்மையையும் ரூபெல்லா அம்மையையும் தடுப்பது மற்றோர் ஊசி. குழந்தைப் பருவத்தில்தான் எல்லா ஊசிகளும் போட்டாயிற்றே, மறுபடியும் ஏன் என்று சிலர் வினவுவதுண்டு. டிப்தீரியாவுக்கும் இரணஜன்னிக்கும் எதிராக உடலில் உண்டான பாதுகாப்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைகிறது. அதை மீண்டும் வலுப்படுத்துவதற்கே இந்த ஊசி போடப்படுகிறது.

இவை பழங்கால நோய்கள் என்று எண்ணிவிடலாகாது. 2016-ஆம் ஆண்டில் கெடா, மலாக்கா உள்ளிட்ட மாநிலங்களில் டிப்தீரியா பரவிச் சிறு பிள்ளைகள் சிலரின் உயிரைப் பறித்தது. இந்நோய் இருமல், தும்மல் வழியாகப் பரவுகிறது. தொண்டையில் தடித்த சவ்வு படர்ந்து மூச்சை அடைக்கிறது. நோயின் நச்சு இதயத்தையும் தாக்குகிறது. அவ்வாறே, 1992-க்குப் பின் நம் நாட்டில் காணப்படாதிருந்த இளம்பிள்ளைவாதம், 2019 டிசம்பரில் சபாவில் ஒரு கைக்குழந்தையிடம் கண்டறியப்பட்டது. ஊசி போடாத பிள்ளைகள் உள்ள இடத்தில் போன நோயும் திரும்பி வரும் என்பதற்கு இவை சான்றுகளாகும்.

பள்ளியில் சேர்வதற்குத் தடுப்பூசி கட்டாயம் என்ற சட்டம் நம் நாட்டில் இல்லை. பெற்றோரின் சம்மதம் பெற்ற பின்னரே ஊசி போடப்படுகிறது. ஆகவே, பள்ளி அனுப்பும் சம்மதப் படிவத்தில் நம் கையொப்பம் இன்றியமையாதது. படிவம் திரும்பி வராவிட்டால், வரிசையில் நிற்கும் பிள்ளையைத் தாதி ஒதுக்கி வைக்க நேரிடும். பின்னர் அப்பிள்ளையை நாமே சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லவேண்டும். அதனால் ஒரு நாள் வேலை கெடும்; மறந்துவிட்டாலோ பிள்ளைக்குப் பாதுகாப்பே இல்லாமற்போகும். பள்ளியில் இவ்வூசிகள் இலவசமாகவே போடப்படுகின்றன.

படிவம் மலாய் மொழியில் இருப்பதால் விளங்கவில்லையெனில், அதை ஒதுக்கி வைக்காமல் ஆசிரியரிடமோ, படித்த அண்டை வீட்டாரிடமோ கேட்டறிந்து நிரப்புதல் வேண்டும். முன்பு ஊசி போட்டபோது உடம்பில் தடிப்போ மூச்சுத்திணறலோ ஏற்பட்டதுண்டா, வலிப்பு, இழுப்பு, இரத்தக் குறைபாடு முதலியவை உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்வதில்லையா என்பவற்றை மறைக்காமல் எழுதவேண்டும். ஊசி நாளன்று பிள்ளைக்குக் காய்ச்சல் இருந்தால் அதையும் தெரிவிக்கவேண்டும்.

குழந்தை பிறந்தபோது கொடுக்கப்பட்ட சுகாதாரப் பதிவுப் புத்தகத்தைப் பிறப்புப் பத்திரத்துடன் சேர்த்துப் பாதுகாப்பாக வைத்திருப்பது நன்று. கோத்தா திங்கி மக்களுக்கு இதைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து இருமுறை வந்த பெருவெள்ளம் வீடுகளின் உள்ளே புகுந்ததை இவ்வட்டாரத்தினர் நன்கறிவர். பதிவுப் புத்தகத்தைத் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறையிலிட்டு உயரமான இடத்தில் வைத்தல் வேண்டும்.

எப்பொழுது பிள்ளையை வீட்டில் நிறுத்துவது?

தொழிலாளர் குடும்பங்களுக்கு மிகக் கடினமான விதி இதுவே. பிள்ளை வீட்டிலிருந்தால் பெற்றோரில் ஒருவரும் வீட்டிலிருக்கவேண்டும். அன்றையச் சம்பளம் போய்விடும். இக்காரணத்தால் காய்ச்சல் மருந்தைக் கொடுத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. மருந்தினால் உடற்சூடு தணியுமே தவிர, நோய் பிறருக்குத் தொற்றுவது நிற்காது. ஒரு பிள்ளை கொண்டு சென்ற நோய் பத்து வீடுகளுக்குப் பரவினால், பத்து வீடுகளிலும் வேலை கெடும். ஒரு வீட்டார் இழக்க விரும்பாத சம்பளத்தைப் பல வீட்டார் இழக்கவேண்டி வரும்.

கை, கால், வாய்ப்புண் நோய் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். காய்ச்சலுடன் வாயில் புண்களும், உள்ளங்கையிலும் பாதங்களிலும் சிறு கொப்புளங்களும் தோன்றும். பெரும்பாலான பிள்ளைகள் சில நாளில் தேறிவிடுவர். எனினும், 1997-இல் சரவாக்கில் இந்நோய் பரவியபோது பல குழந்தைகள் இறந்தனர். எச்சில், கொப்புள நீர், மலம் ஆகியவற்றின் வழியாக இது தொற்றுகிறது. பிள்ளை தேறிய பின்னரும் பல வாரங்கள் வரை மலத்தில் நோய்க் கிருமி இருக்கக்கூடும். ஆதலின் கழிவறைக்குச் சென்றபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவும் பழக்கத்தைத் தளர விடலாகாது.

நீர்க்கொப்புள அம்மை கண்ட பிள்ளையைக் கொப்புளங்கள் யாவும் பொருக்குத் தட்டும் வரை பள்ளிக்கு அனுப்பக்கூடாது. வேப்பிலை கட்டி வீட்டைத் தூய்மையாக வைத்திருப்பது நம் முன்னோர் வழக்கம். அதனோடு மருத்துவரிடமும் காட்டுதல் வேண்டும். மூச்சு வாங்குதல், ஓயாத வாந்தி, மயக்கம், வலிப்பு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் சிறிதும் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும். காய்ச்சலுக்கோ அம்மைக்கோ பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் மாத்திரை கொடுத்தலாகாது. அது ஈரலையும் மூளையையும் தாக்கும் கொடிய விளைவை உண்டாக்கக்கூடும்.

தொற்றுநோயை மறைப்பது சட்டத்திற்கும் மாறானது. 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, வீட்டில் அத்தகைய நோய் இருப்பதை அறிந்த பெரியவர்கள், அருகிலுள்ள மாவட்டச் சுகாதார அலுவலகத்திற்கோ, அரசாங்கச் சுகாதார நிலையத்திற்கோ, காவல் நிலையத்திற்கோ, கிராமத் தலைவருக்கோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள். மருத்துவர் பிள்ளைக்குக் கொடுக்கும் விடுப்புச் சான்றிதழைப் பள்ளியில் ஒப்படைத்து, அதில் குறித்த நாள் வரை பிள்ளையை வீட்டில் நிறுத்துவதே முறையாகும்.

அந்நாட்களில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாருமில்லையே என்ற கேள்விக்கு விடையை நோய் வருமுன்பே தேடிக்கொள்ளவேண்டும். வேலைக்குச் செல்லாத பாட்டி, நோயால் பாதிக்கப்படாத உறவினர் எவரேனும் இருப்பின் அவரிடம் முன்கூட்டியே பேசி வைக்கலாம். அவர் வீட்டில் சிறு குழந்தைகளோ கர்ப்பிணிப் பெண்களோ இல்லாதிருத்தல் நலம்.

காலுக்குச் செருப்பும் மங்குக்குக் கவனமும்

குடற்புழு தோட்டத்துப் பிள்ளைகளின் பழைய பகைவன். கொக்கிப்புழு ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுள் நுழைகிறது. இரத்தத்தை உறிஞ்சிப் பிள்ளையைச் சோகையாக்குகிறது. நாக்குப்பூச்சியின் முட்டையோ அழுக்கு நகத்தின் வழியாக வாய்க்குள் செல்கிறது. 1974 முதல் 1983 வரை நாடெங்கும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்கும் திட்டம் நடைபெற்றது. அத்திட்டம் நின்றபின், பிள்ளையைச் சோதித்து மருந்து கேட்டுப் பெறும் பொறுப்பு பெற்றோரைச் சார்ந்ததாயிற்று. செருப்பு, வெட்டிய நகம், கழுவிய கை ஆகிய மூன்றும் இருந்தால் பெருமளவு காப்பு உண்டு.

டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நீரில் முட்டையிடுகிறது. வீட்டைச் சுற்றிலும் உள்ள தொட்டி, பழைய டயர் ஆகியவற்றைக் கவனிக்கும் நாம், காட்டிலுள்ள பால் மங்குகளை மறந்துவிடுகிறோம். வெட்டாது விட்ட மரங்களின் மங்குகளில் மழைநீர் தேங்கினால் அங்கும் ஏடிஸ் பெருகும். அத்தகைய மங்குகளைக் கவிழ்த்து வைப்பது நம் பிள்ளைகளைக் காக்கும் செயலாகும். வெள்ளக் காலத்தில் எலிக் காய்ச்சல் அச்சமும் உண்டு. பிள்ளைகளை வெள்ள நீரில் விளையாட விடுதல் ஆகாது.

வெறும் வயிற்றோடு பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது. 1979-ஆம் ஆண்டு முதல் வசதி குறைந்த குடும்பத்துத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் துணை உணவுத் திட்டத்தின்கீழ்ப் பள்ளியில் இலவச உணவு வழங்கப்படுகிறது. தகுதி உள்ளோர் வெட்கப்படாமல் தலைமையாசிரியரை அணுகவேண்டும்.

மாலையில் செய்யவேண்டியவை

1. புத்தகப் பையைத் திறந்து, பள்ளியிலிருந்து கடிதமோ படிவமோ வந்துள்ளதா எனப் பார்த்து, அன்றே கையொப்பமிடுதல்.

2. பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, வாய், உள்ளங்கை, பாதம், தோல் ஆகியவற்றை வெளிச்சத்தில் கவனித்தல்.

3. தலையில் பேன் உண்டா எனப் பார்த்தல். வாரம் ஒருமுறை நகம் வெட்டுதல்.

4. படுக்கைக்குச் செல்லுமுன் ஃப்ளோரைடு கலந்த பற்பசையால் பல் துலக்கச் செய்தல்.

5. காலையில் உண்ண வேண்டியதை ஆயத்தம் செய்து, பிள்ளையை அனுப்புபவரிடம் சொல்லி வைத்தல்.

6. பிள்ளை மருந்து உட்கொள்ளவேண்டுமெனில், பெயரும் அளவும் வேளையும் எழுதி, பெரியவர் ஒருவர் மூலம் ஆசிரியரிடம் சேர்ப்பித்தல்.

7. காட்டில் இருக்கும்பொழுது நம்மை அழைக்க இயலாதெனில், பள்ளி யாரை அழைக்கவேண்டும் என்பதையும் அவர் தொலைபேசி எண்ணையும் தலைமையாசிரியரிடம் கொடுத்து வைத்தல். எண் மாறினால் உடனே தெரிவித்தல்.

இவற்றுள் பெரும் பொருட்செலவு வேண்டும் காரியம் ஒன்றுமில்லை. தாதி ஊசி போடுவார். ஆசிரியர் கவனித்துக் கடிதம் எழுதுவார். அவ்விருவர் முயற்சியும் பயன் தருவது பெற்றோர் அக்கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் பொழுதுதான். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலும் இவ்விதிகளைப் பற்றிப் பேசி, படிக்கத் தெரியாத அண்டை வீட்டாருக்கும் எடுத்துரைப்போமாக. இன்று மாலையே பிள்ளையின் பையைத் திறந்து பார்ப்போமாக.