மாதவிடாய் நிற்கும் பருவமும் தொழுகையும்



பெரும்பாலான பெண்களுக்கு 45 முதல் 55 வயதுக்குள் மாதவிடாய் நின்றுவிடுகிறது. இது நோயன்று, அல்லாஹ் அமைத்த இயற்கை. ஆனால், நிற்பதற்கு முந்திய சில ஆண்டுகளில் கணக்குத் தவறி, சில மாதம் வராமலும் சில மாதம் நீடித்தும் வரும். அப்போது இரு தவறுகள் நேர்கின்றன.

ஒன்று, இரத்தம் காணும் நாளெல்லாம் தொழுகையை விட்டுவிடுவது. ஹைளின் உச்ச அளவு ஷாஃபிஈ மத்ஹபில் 15 நாட்கள். ஹனஃபீ மத்ஹபில் 10 நாட்கள். இதைக் கடந்து நீடித்தால் அது இஸ்திஹாளா எனும் உதிரப்போக்கு. ஓயாத உதிரப்போக்குப் பற்றி ஃபாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) கேட்டபோது, ஹைளு நாட்கள் கழிந்ததும் குளித்துத் தொழுமாறே நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆகவே, தமக்குரிய ஹைளு நாட்களை ஆலிமிடம் கேட்டறிந்து, அவை முடிந்ததும் குளித்துவிட வேண்டும். பின்னர் ஒவ்வொரு வக்திலும் சுத்தம் செய்து, துணி வைத்து, ஒளூச் செய்து தொழ வேண்டும். நோன்பும் நோற்க வேண்டும். அறியாமல் விட்ட தொழுகைகளைக் களாச் செய்ய வேண்டும்.

மற்றொன்று, வெட்கத்தால் மறைப்பது. 12 மாதங்கள் அடியோடு நின்றபின் ஒரு துளி கண்டாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் அஞ்சத்தக்கதாக இராது. எனினும் கருப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். தொடக்கத்திலேயே கண்டால் குணப்படுத்த வழியுண்டு.

உடற்சூடு, வியர்வை, உறக்கமின்மை, சினம் ஆகியவையும் இப்பருவத்தில் வரும். எலும்பும் வலுக்குன்றும். பால், கேழ்வரகு, முள்ளோடு உண்ணும் சிறுமீன், அன்றாட நடை ஆகியவை நன்மை தரும். கணவரும் மக்களும் பொறுமையுடன் துணைநிற்க வேண்டும்.

வெட்கம் ஈமானில் ஒரு பகுதியே. மார்க்கத்தைக் கேட்டறிய அது தடையன்று. அல்லாஹ் நம் அனைவருக்கும் நற்சுகம் அருள்வானாக! ஆமீன்.