எட்டு முக்கோணங்கள்

குழலொன்றினுள் கண்ணாடிப் பட்டைகளையும் உடைந்த வளையல் துண்டுகளையும் இட்டு, ஒரு முனையில் கண்ணை வைத்து, மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்து மகிழாத சிறுவர் அரியர். அத்துண்டுகள் தம்மளவில் அழகுடையன அல்ல. கண்ணாடிகள் அவற்றைப் பலமுறை எதிரொளித்து ஒழுங்குபடுத்தும்போது அவையே பூவாகவும் விண்மீனாகவும் மலர்கின்றன. இக்கருவியை 1816-ஆம் ஆண்டில் கண்டறிந்தவர் ஸ்காட்லாந்து நாட்டு அறிவியலறிஞர் டேவிட் புரூஸ்டர் என்பவர். அழகு, உருவம், காணல் என்னும் பொருள் தரும் மூன்று கிரேக்கச் சொற்களை இணைத்து, அவர் இதற்குக் கலைடாஸ்கோப் என்று பெயரிட்டார். உள்ளிருக்கும் இரு கண்ணாடிகளும் 45 பாகைக் கோணத்தில் நிற்குமாயின், காட்சி எட்டுக் கூறுகளாக விரியும். ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள 360 பாகையில் 45 பாகை எட்டு முறை அடங்குவதே அதற்குக் காரணம்.

கண்ணாடியின் துணையின்றி, துணியும் ஊசியும் கொண்டே இக்காட்சியைப் படைக்க இயலுமா? இயலும் என்பதை மேலைநாட்டு ஒட்டுத்துணிப் போர்வைகள் காட்டுகின்றன. சிறு சிறு துணித் துண்டுகளை வடிவமாக வெட்டி இணைத்துப் போர்வை தைக்கும் கலை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெரிதும் வளர்ந்தது. இங்கிலாந்தின் லீவன்ஸ் ஹால் என்னும் மாளிகையில், ஏறத்தாழ 1708-ஆம் ஆண்டில் தைக்கப்பட்டதாகக் கருதப்படும் பழம்போர்வை ஒன்று இருக்கிறது. அதில் இணைந்துள்ளவை இந்தியப் பூந்துணிகளே. அத்தகைய துணிகள் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் மிகுதியாகக் கப்பலேறிய காலம் அது. தம் நாட்டு நெசவுத்தொழில் நலியுமென்று அஞ்சிய ஆங்கிலேயர், 1721-ஆம் ஆண்டில் சட்டமியற்றிப் பூந்துணிகளின் பயன்பாட்டைத் தடுத்தனர். 1774-ஆம் ஆண்டிலேதான் அத்தடை நீங்கியது. அரிதாகக் கிடைத்த துணியில் ஒரு சாண் துண்டும் வீணாகலாகாது. வெட்டிய துணி மீண்டும் ஒட்டாது. ஆகவே, அளந்து வெட்டுதல் இக்கலையின் முதற்கடமை ஆயிற்று.

கலைடாஸ்கோப் எனப் பெயர்பெற்ற போர்வைச் சதுரத்தின் அமைப்பை இனிக் காண்போம். எட்டு இருசமபக்க முக்கோணங்களின் உச்சிகள் நடுவில் ஒரு புள்ளியிற் கூடுகின்றன. ஒவ்வொன்றின் உச்சிக்கோணம் 45 பாகை. அடிக்கோணங்கள் ஒவ்வொன்றும் 67½ பாகை. எட்டும் இணைந்தால் எண்கோணம் ஒன்று பிறக்கும். அதன் நான்கு மூலைகளில் நான்கு செங்கோண முக்கோணங்களைச் சேர்த்தால் சதுரம் நிறைவுறும். 45 பாகை காண்பதற்குக் கோணமானி வேண்டுவதில்லை. சதுரத் தாள் ஒன்றை நெடுக்கில் ஒரு முறையும், குறுக்கில் ஒரு முறையும், பின்னர் மையம் உச்சியாகுமாறு மூலைவாட்டில் ஒரு முறையும் மடித்தால், மையத்தில் நிற்கும் கோணம் 45 பாகையே. வடிவியலைப் பள்ளியிற் கல்லாதாரும் தாளை மடித்தே இதனைக் கையாற் காண இயலும்.

துணியை வெட்டும்போது தையலுக்கென்று ஓரம் விடவேண்டும் அன்றோ? மேலைநாட்டார் எல்லாப் பக்கங்களிலும் கால் அங்குலம் விடுவது வழக்கம். எட்டங்குலச் சதுரம் வேண்டுமாயின், தைத்தபின் ஒவ்வொரு முக்கோணத்தின் உயரமும் நான்கு அங்குலமாக நிற்கவேண்டும். ஆனால் நான்கோடு அரை அங்குலம் கூட்டி வெட்டினால் போதாது. அடிப்பக்கத்தில் கால் அங்குலம் கூடும் என்பது உண்மையே. கூரிய உச்சியிலோ, இரு சாய்ந்த பக்கங்களும் கால் அங்குலம் விலகுவதால், முனை ஏறத்தாழ 0.65 அங்குலம் மேலே நீள்கிறது. ஆகவே வெட்டவேண்டிய உயரம் ஏறத்தாழ 4.9 அங்குலமாகும். சதுரம் எவ்வளவினதாயினும், அதன் பாதி அகலத்தோடு 0.9 அங்குலம் கூட்டினால் வெட்டும் உயரம் கிடைக்கும். முனை கூர்மையாகுந்தோறும் அதற்கு விடவேண்டிய துணியும் மிகும் என்னும் உண்மையை இதனால் அறிகின்றோம்.

பூவச்சிட்ட துணியில் வேலை இன்னும் நுட்பமானது. துணியில் ஒரே ஓவியம் குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். அவ்விடைவெளியை ஓரக்கரையை ஒட்டி அளந்து, ஒரே ஓவியத்தையுடைய எட்டுத் துண்டுகளை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவர். முதல் துண்டில் ஒரு பூவின் நடுப்புள்ளியிற் குண்டூசியைச் செலுத்தினால், அது எட்டாம் துண்டிலும் அதே பூவின் அதே புள்ளியில் வெளிப்படவேண்டும். இவ்வாறு பல இடங்களில் ஊசியிட்டு நிறுத்திய பின்னரே வெட்டுவர். அங்ஙனம் வெட்டிய எட்டும் ஒத்த உருவமாதலின், இணைந்த அளவில் இதழ்கள் நடுவைச் சுற்றி மலரும். ஜப்பானிய நிறுவனமாகிய ஓல்பா 1979-ஆம் ஆண்டில் வெளியிட்ட சுழல்கத்தி, பல அடுக்குகளை ஒருசேர வெட்டுவதை எளிதாக்கியது. நியூயார்க் நகரக் கலைஞர் பௌலா நாடெல்ஸ்டர்ன் இத்தகைய போர்வைகளுக்காகவே புகழ்பெற்றவர். 2009-ஆம் ஆண்டில் அந்நகரின் அமெரிக்க நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம் அவர்தம் போர்வைகளைக் காட்சிக்கு வைத்தது.

கத்தி எத்துணை நல்லதாயினும், துணியின் இயல்பை அறியாதார் கையில் அது பயன்படாது. பாவு நூலின் வழியே துணியை இழுத்தால் அது பெரும்பாலும் நீளாது. மூலைவாட்டில் இழுத்தாலோ எளிதில் நெகிழும். முக்கோணத்தின் எல்லாப் பக்கங்களும் நூலின் வழியே அமைதல் இயலாது. ஆதலின், சதுரத்தின் வெளிவிளிம்பில் நிற்கும் பக்கங்களை நூலோட்டத்தில் அமைத்து, மற்றவற்றை இழுக்காமற் கையாள்வர். வெட்டுவதற்கு முன்பே துணிக்குக் கஞ்சியிட்டு விறைப்பாக்குதலும், இஸ்திரிப் பெட்டியைத் தேய்த்து இழுக்காமல் அழுத்தி எடுத்தலும் இதன்பொருட்டே.

இனி, பிழையின் கணக்கைப் பார்ப்போம். ஒரு முக்கோணத்தின் உச்சி அரைப் பாகை குறைந்தது எனக் கொள்வோம். துணியின் ஓரத்தில் அது ஒரு மில்லிமீட்டரைச் சற்றே மிஞ்சும் வேறுபாடு. கண்ணுக்குப் புலனாவதே அரிது. ஆனால் எட்டும் அவ்வாறே குறைந்தால் நான்கு பாகை குறையும். அப்போது துணி தட்டையாகப் படியாமல் கிண்ணம்போற் குழிந்து நிற்கும். நான்கு பாகை மிகுந்தாலோ அலையலையாக எழும். எத்துணை அழுத்தித் தேய்த்தாலும் அக்குற்றம் மறையாது. தையலின் கணக்கும் இத்தகையதே. ஒவ்வொரு தையலும் 1/16 அங்குலம் உள்வாங்கினால், கோணம் மாறாவிடினும், முக்கோணத்தின் உயரம் ஏறத்தாழ 1/6 அங்குலம் குறையும். எதிரெதிராக இரு முக்கோணங்கள் நிற்பதால் சதுரம் 1/3 அங்குலம் சுருங்கும். பன்னிரண்டு சதுரங்கள் கொண்ட வரிசையில் குறைவு நான்கு அங்குலமாகிவிடும். அவ்வரிசை, செம்மையாகத் தைத்த அடுத்த வரிசையோடு எங்ஙனம் பொருந்தும்?

இதற்கு மாற்று யாது? முடிவில் வருந்துவதினும் இடையில் சோதித்தலே நன்று. இரண்டு முக்கோணங்களைத் தைத்தவுடன் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் கோணம் 90 பாகையாக இருத்தல் வேண்டும். நான்கைத் தைத்தபின் அடிமட்டத்தை வைத்தால் விளிம்பு நேர்கோடாக, அதாவது 180 பாகையாக, இருத்தல் வேண்டும். அங்ஙனம் இல்லையேல், அங்கேயே தையலைப் பிரித்துத் திருத்திவிடலாம். இரு பாதிகளும் நேராக அமைந்துவிட்டால், எட்டும் கூடும் நடுப்புள்ளி தானே செம்மையுறும்.

மாணவர்களே! கணக்கு ஏட்டிலும் கரும்பலகையிலும் மட்டுமே வாழ்வது என்று எண்ணவேண்டா. அடுக்களை வேலை முடிந்தபின் விளக்கொளியில் அமர்ந்து துணி தைத்த பெண்களின் விரல்களிலும் அது வாழ்ந்தது. கைத்தொழில் செய்வாரைக் கல்வியில்லார் என்று இகழ்தல் அறியாமை. போர்வையின் எட்டு முக்கோணங்களில் எது முதன்மையானது என்று கேட்டால் விடை கூற முடியாது. ஒன்று பிழைத்தாலும் மற்ற ஏழும் கோணும். பலர் கூடிச் செய்யும் செயலும் அத்தகையதே. தம் பங்கு சிறிதென்று கருதி ஒவ்வொருவரும் சிறிதே தவறுவாராயின், அத்தவறுகள் கூடுமிடத்தில் பெருங்குறையாகத் தோன்றும். தம் பங்கைச் செம்மையாகச் செய்து, இடையிடையே அளந்து திருத்திக் கொள்வாராயின், துண்டுகள் பலவும் கூடி ஒரு மலராக விரியும்.