உறங்கும் உயரமே கணக்கு: லே நகருக்குக் கேரவன் பயணம்

லோத்குண்டாவில் வசிக்கும் வாடிக்கையாளர் ஒருவர், வாடகைக் கேரவனில் குடும்பத்துடன் லே நகருக்குச் செல்லும் திட்டத்தை அண்மையில் எம்மிடம் காட்டினார். வாடகை, எரிபொருள், சுங்கக் கட்டணம் யாவும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. ஓய்வு நாள் ஒன்றுகூட அதில் இல்லை. மலைப்பயணத்தில் முதலில் ஒதுக்க வேண்டியது அதுவே.

ஏன்?

ஹைதராபாத் கடல்மட்டத்திலிருந்து சுமார் 540 மீட்டர் உயரத்தில் உள்ளது. லே சுமார் 3,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே. உடல் அதற்குப் பழகுமுன் மேலும் ஏறினால் தலைவலியும் குமட்டலும் தோன்றும். முற்றினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும்.

எந்த வழி?

3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்பது பொதுவான மருத்துவ நெறி. மணாலியிலிருந்தும் ஸ்ரீநகரிலிருந்தும் லே செல்லும் தொலைவு ஏறத்தாழ ஒன்றே. ஆயினும், சுமார் 2,050 மீட்டர் உயரமுள்ள மணாலியிலிருந்து புறப்பட்டு, அன்றிரவே சுமார் 4,290 மீட்டர் உயரமுள்ள சர்ச்சுவில் தங்குவோர் பலர். ஸ்ரீநகர் வழியிலோ 2,676 மீட்டர் உயரமுள்ள கார்கிலில் தங்கி ஏறலாம். எனவே போகும்போது ஸ்ரீநகர் வழியே நன்று. நினைத்த இடத்தில் உறங்கலாம் என்பது கேரவனின் வசதி. உயரத்தில் அவ்வசதியே பகையாகக்கூடும்.

திட்டத்தில் சேர்க்க வேண்டியவை

1. லேயை அடைந்ததும் இரண்டு முழு நாள் ஓய்வு.
2. நிலச்சரிவால் பாதை அடைபடக்கூடும். அதற்கென இரண்டு மூன்று நாட்களும், அந்நாட்களுக்குரிய கேரவன் வாடகையும்.
3. கைவசம் ரொக்கம், இணைப்பு இல்லாத இடங்களில் அட்டையும் யுபிஐயும் பயன்படா. வெளிமாநில பிரீபெய்டு சிம் லடாக்கில் இயங்காது. போஸ்ட்பெய்டு இணைப்பு தேவை.
4. பிரஷர் குக்கர். அங்கே நீர் சுமார் 88 டிகிரியிலேயே கொதிப்பதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் வேகாது.
5. குளிர் போக்க, மூடிய வண்டிக்குள் அடுப்பு எரித்தல் கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனையின்றிக் கொல்லும்.
6. இதயம், நுரையீரல் நோயுள்ளோர் புறப்படுமுன் மருத்துவரைக் காண்க.

தலைவலி தணியாவிடில் மேலே ஏறாதீர்கள்; மூச்சுத்திணறலோ தடுமாற்றமோ தோன்றினால் இரவென்றும் பாராமல் கீழே இறங்கி மருத்துவமனையை நாடுங்கள். செலுத்திய முன்பணம் வீணாகுமே என்ற எண்ணம் அவ்வேளையில் எழலாம். அந்த இழப்பை முன்கூட்டியே கணக்கில் எழுதி வைத்தவர்க்குத் திரும்பும் முடிவு எளிதாகும்.