ரோபோவோடு ஆடும்போது யார் யாருக்கு அட்ஜஸ்ட் பண்ணுவது?

போன வருஷம் எங்க டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ஒரு ஐடியா வந்தது. லேபில் இருக்கும் ஆறு அச்சு ரோபோ கையை ஒரு பாட்டுக்கு ஆட வைக்கணும். கூடவே பரதம் கற்ற கிளாஸ்மேட் ஒருத்தி ஆடுவாள். பாட்டு 4 நிமிஷம். ரிகர்சலில் முதல் நிமிஷம் சூப்பர். மூணாவது நிமிஷத்தில் ரோபோ தாளத்துக்கு ஒரு செகண்ட் பின்னாடி நின்றது. இந்தக் கட்டுரை அந்த ஒரு செகண்டைப் பத்தித்தான்.

ரோபோ எப்படி ஆடுகிறது?

டீச் பெண்டன்ட்டை வைத்துக் கையை ஒவ்வொரு நிலைக்கும் நகர்த்தி சேவ் பண்ணுகிறோம். இரண்டு நிலைகளுக்கு நடுவில் எப்படிப் போவது என்பதை கன்ட்ரோலர் கணக்கிடும். எளிய முறையில் வேக வரைபடம் சரிவகமாக இருக்கும்: வேகம் ஏறும், சீராக ஓடும், இறங்கும். முடுக்கம் சட்டென்று மாறுவதால் பார்க்க வெட்டு வெட்டாகத் தெரியும். நாம் 'ரோபோ மாதிரி ஆடுறான்' என்று சொல்வது இதைத்தான். முடுக்கத்தையும் படிப்படியாக மாற்றினால் வரைபடம் எஸ் வடிவ வளைவாகும், அசைவில் நளினம் வரும்.

இதைப் பொறுமையாகச் செய்து காட்டியவர் தைவான் நடனக் கலைஞர் ஹுவாங் யீ. சின்ன வயசில் டோரேமான் பார்த்து, தனக்கும் அப்படி ஒரு ரோபோ தோழன் வேண்டும் என்று ஆசைப்பட்டவர். வளர்ந்த பிறகு அவர் ஜோடி சேர்ந்தது குகா நிறுவனத்தின் தொழிற்சாலை ரோபோ கையோடு. 2017இல் டெட் மேடையிலும் இருவரும் ஆடினார்கள். ஒரு நிமிட நடனத்தை ப்ரோக்ராம் பண்ண அவருக்குச் சுமார் 10 மணி நேரம் ஆகுமாம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தொழிற்சாலையில் இந்த வகை ரோபோவை வேலிக்குள்தான் வைப்பார்கள். எழுதி வைத்த பாதையில் அது போகும், அவ்வளவுதான். பக்கத்தில் ஆடுபவர் அரை அடி தள்ளி நின்றாலும் அதற்குத் தெரியாது. ஆக, மேடையில் கவனித்து ஆடுவது ஒருவர் மட்டுமே.

ஓபன் லூப், குளோஸ்டு லூப்

எங்க கதைக்கு வருவோம். எங்க ப்ரோக்ராம் ஒவ்வொரு நிலையிலும் கையை முழுசாக நிறுத்தி, பிறகு அடுத்ததற்குக் கிளப்பியது. ஒரு நிலைக்கு 20 மில்லி செகண்ட் தாமதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 நிலை தாண்டினால் ஒரு செகண்ட் போச்சு. பாட்டு எங்கே இருக்கிறது என்று ரோபோ திரும்பிப் பார்ப்பதே இல்லை. இதுதான் ஓபன் லூப்.

பரதக் கச்சேரியில் நட்டுவாங்கம் செய்பவரைப் பாருங்கள். தாளம் அவர் கையில், ஆனால் கண் ஆடுபவர் மேல். ஆடுபவரின் காதோ தாளத்தில். இருவரும் ஒருவரை ஒருவர் திருத்திக்கொண்டே போகிறார்கள். குளோஸ்டு லூப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நிகழ்ச்சி நாள் வரை எங்களால் பிழையைச் சரிசெய்ய முடியவில்லை. மேடையில் அவள் ஓரக்கண்ணால் ரோபோவைப் பார்த்து, ஒரு அரைமண்டியைக் கூடுதலாகப் பிடித்து நின்றாள். ரோபோ வந்து சேர்ந்ததும் அடுத்த அடவு. கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. நடுவர்கள் சொன்னது: "ரோபோவோட டைமிங் அருமை!"

நாங்களும் சிரித்துக்கொண்டே கைகுலுக்கினோம். போஸ்டரில் ப்ரோக்ராம் எழுதிய நாலு பேர் பெயர் பெரிசாக இருந்தது. அவள் பெயர் கீழே 'நடனம்' என்று சின்ன எழுத்தில். உண்மையில் அன்னிக்கு எங்க சிஸ்டத்தின் ஃபீட்பேக் லூப்பே அவள்தான்.

ஜூனியர்களுக்கு

இதை நீங்கள் முயன்றால் மூன்று விஷயம். நிலைகளில் நிறுத்தாமல் வளைந்து கடந்துபோக விடுங்கள். எட்டு எண்ணிக்கைக்கு ஒருமுறை ரோபோ கொஞ்சம் முன்னாடியே வந்து, பாட்டிலிருந்து வரும் சிக்னலுக்குக் காத்திருக்கட்டும். அப்போது பிழை சேராது. மூன்றாவது, ஆடுபவரை முதல் நாளிலிருந்தே டீமில் சேருங்கள். போஸ்டரில் அவர் பெயரை உங்கள் பெயருக்குப் பக்கத்தில், அதே சைஸில் போடுங்கள்.