ஆக்ஸ்ஃபோர்டு போகிறீர்களா?

லண்டன் பேடிங்டனில் ரயில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரம். இறங்கியதும் "பல்கலைக்கழகம் எங்கே?" என்று கேட்காதீர்கள், தனி வளாகம் கிடையாது. முப்பதுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஊரெங்கும் சிதறிக் கிடக்கின்றன.

பல கல்லூரிகள் பிற்பகலில்தான் வெளியாரை உள்ளே விடும். மே, ஜூன் தேர்வுக் காலத்தில் அதுவும் நிச்சயமில்லை. வாசல் பலகையைப் பார்த்துவிட்டு நுழையுங்கள். புல்தரையில் கால் வைக்க வேண்டாம். கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் கூட்டமும் அதிகம், கட்டணமும் அதிகம். அதன் டாம் மணி இரவு 9.05க்கு 101 முறை அடிப்பதைத் தெருவில் நின்றே, காசில்லாமல் கேட்கலாம்! ஆஷ்மோலியன், பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகங்களுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. பிட் ரிவர்ஸுக்கு வழி, இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் உள்ளே, பின்பக்கம்.

செயின்ட் மேரி தேவாலயக் கோபுரத்தில் 127 படிகள், குறுகலானவை. மூட்டு வலிக்காரர்கள் கீழேயே இருப்பது நலம்.

திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலமாக்கிய ஜி.யு. போப் இங்கே தமிழ் கற்பித்தவர்; 1908இல் மறைந்தார். கல்லறை, வால்டன் தெருவையொட்டிய செயின்ட் செபல்கர் இடுகாட்டில். நகர மையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.